ஒரு பார்வைக்கு ஒரு துண்டு

கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க. திருநெல்வேலியில நீங்க ஏறி உக்காந்ததுல இருந்து பாத்துக்கிட்டே வாறேன், இடது பக்கம் இறங்கி இருக்கு. நீங்களும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருதடவை விரலால மேல தள்ளிக்கிட்டே வாறீங்க. என்னால சும்மா பாத்துக்கிட்டு வர முடியல. இருபத்திரெண்டு வருசமா கோவில்பட்டியில கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். மூஞ்சி பாக்குற கண்ணாடி இல்ல, மூக்குக் கண்ணாடி. குடுங்க. சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு எப்பவும் என் சட்டைப்பையில கிடக்கும்.

இப்ப என் முகம் தெரியுதா உங்களுக்கு? தெரியாது. மைனஸ் நாலுக்குக் குறையாது, கையில வாங்குனதுமே தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல எவனோ ஒருத்தன் உக்காந்திருக்கான்னு மட்டும் மங்கலாத் தெரியும். அது எனக்கும் தோதாத்தான் இருக்கு.

வள்ளியூர் போறேன் சார். எம்பொண்டாட்டியும் மகளும் அங்கதான் மச்சினன் வீட்டுல இருக்காங்க. அஞ்சு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா காலையில இந்த வண்டியைப் புடிச்சிருவேன். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணும்ல, கோமதி இப்ப எங்கிட்டப் பேசுறதே கொறைச்சல். நான் என்ன தப்பு செஞ்சேன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. தெரிஞ்ச ஆளுக எல்லாம் அவ பக்கமே சாயுறாங்க. உங்களுக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. நியாயமாச் சொல்லலாம்.

எம்மக பேரு செண்பகவல்லி. எங்க ஊரு அம்மன் பேரு. செண்பான்னு கூப்பிடுவோம். ஏழு வயசு முடிஞ்சிருச்சு. சுருட்டை முடி, கன்னத்துல குழி விழும், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா கண்ணைப் பாக்க மாட்டா. யாரு கண்ணையும் பாக்க மாட்டா. நீங்க பேரைச் சொல்லி நூறு தடவை கூப்பிடுங்க, ஃபேனைப் பாப்பா, சுவத்தைப் பாப்பா, உங்க சட்டைப் பொத்தானைப் பாப்பா. ஆட்டிசம்னு டாக்டர் சொன்னாரு. இப்ப எல்லாரும் சொல்ற வார்த்தை. நாலு வருசத்துக்கு முன்னால எனக்கு அது ஏதோ மருந்து பேரு மாதிரி இருந்துச்சு.

என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க சார். என் தொழிலே கண்ணுதான். லென்ஸ் மாட்டுறதுக்கு முன்னால ரெண்டு கருவிழிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளக்கணும். அது ஒரு மில்லிமீட்டர் மாறுனாலும் தலைவலி வந்துரும். அதுக்காக முன்னால உக்கார வச்சு, மூக்கு மேல ஸ்கேலை வச்சு, "என் இடது கண்ணைப் பாருங்க, இப்ப வலது கண்ணைப் பாருங்க"ன்னு சொல்லுவேன். தாசில்தார் வந்தாலும் அதேதான், போலீஸ்காரர் வந்தாலும் அதேதான். அசையாமப் பாப்பாங்க. ஊரே வரிசையா வந்து என் கண்ணைப் பாத்திருக்கு. பெத்த பிள்ளை பாக்கல. உங்களுக்கு இது எப்படி இருக்கும்?

மொதல்ல பார்வைக் கோளாறுன்னுதான் நெனச்சேன். கண் டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னாரு. நான் நம்பல. மதுரையில சொல்லி வச்சு, இம்புட்டுக்காணு சின்ன பிரேம், ரோஸ் கலர்ல, பின்னால நாடா வச்சுக் கட்டுறது, அதை வரவழைச்சு மாட்டிவிட்டேன். மூணு வயசுப் பிள்ளை. கழட்டிக் கீழ வச்சுட்டு மறுபடி ஃபேனைப் பாத்துச்சு. கோமதி சிரிச்சா. அப்பல்லாம் சிரிப்பா.

அவ ஒரு மாதிரி ஆளு. பிள்ளை பாக்கலைன்னா என்ன, பக்கத்துல வருதுல்லன்னு சொல்லுவா. மதியம் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்குப் போவேன். என் டி.வி.எஸ். வண்டி தெருமுனையில திரும்பும்போதே செண்பா "அப்பா வண்டி"ன்னு சொல்லிருவாளாம். சுவத்தைப் பாத்துக்கிட்டே சொல்லுவாளாம். தெருவுல பத்து டி.வி.எஸ். போகும், என் வண்டிக்கு மட்டும்தான் சொல்லுவாளாம். கோமதி இதைப் பெருமையா எங்கிட்டச் சொல்லுவா. சுவத்தைப் பாத்துச் சொல்லி என்ன பிரயோஜனம்னு கேப்பேன். அப்புறம் நான் தரையில உக்காந்து சாப்பிடும்போது செண்பா பின்னால வந்து, என் முதுகுல தன் முதுகைச் சாச்சு உக்காந்துக்குவா. நான் எந்திரிக்கிற வரைக்கும் நகர மாட்டா. "உங்க முதுகை விட்டு நகர மாட்டேங்கா, பாத்தியளா"ம்பா கோமதி. வள்ளியூர்க்காரி, பேச்சு அப்படித்தான் இருக்கும். சாயுறதுக்கு வீட்டுல சுவரா இல்ல? நான் என்ன சுவரா சார்?

இருங்க, இந்த மூக்குப் பட்டையும் ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. நாங்குநேரி தாண்டுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

போன வருசம் கார்த்திகை மாசம். வாரத்துக்கு ரெண்டு நாள் பிள்ளையைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போவோம். அங்க ஒரு டீச்சரம்மா, சின்ன வயசு. "வீட்லயும் கொஞ்சம் பாக்கப் பழக்குங்க. பாத்ததும் அவளுக்குப் பிடிச்சதை உடனே குடுங்க. அஞ்சு நிமிசம் போதும். கட்டாயப்படுத்தாதீங்க"ன்னு சொன்னாங்க. நானும் கோமதியும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருந்தோம். எனக்கு முதல் ரெண்டும் காதுல விழுந்துச்சு. அவளுக்குக் கடைசி ரெண்டும் விழுந்திருக்கு.

பிடிச்சதுன்னா கடலைமிட்டாய்தான். எங்க ஊர்ல அதுக்கா பஞ்சம்? கட்டியை உடைச்சு, விரல் நகம் அளவுக்குத் துண்டு துண்டா டப்பாவுல போட்டு வச்சேன். கடையில கெடந்த பழைய ஸ்டூலைக் கொண்டாந்து நடுவீட்டுல போட்டேன். அவளைத் தூக்கி அதுல உக்கார வச்சு, நாடியைப் புடிச்சு நிமித்தி, "செண்பா, அப்பாவைப் பாரு"ன்னு சொல்லுவேன். பாக்குற வரைக்கும் நாடியை விட மாட்டேன். மதியம் ஒரு மணி நேரம், கடை அடைச்சுட்டு வந்து சாயங்காலம் ஒரு மணி நேரம்.

கத்துவா. கண்ணை இறுக்க மூடிக்குவா. ஒரு நாள் கையைக் கடிச்சுட்டா, இந்தா பாருங்க தழும்பு. ஆமா, உங்களுக்குத் தெரியாதுல்ல. கோமதி அடுப்படியில நின்னுக்கிட்டு, "விட்டுருங்க, போதும் விட்டுருங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நான் விடல. விட்டுட்டுப் போறவனா இருந்தா ஒத்த ஆளா ஒரு கடையை இத்தனை வருசம் நடத்தியிருக்க முடியுமா?

ஒரு மண்டலம் ஆச்சு சார். நாப்பத்தோராவது நாள் பாத்தா. தீக்குச்சி உரசுற நேரம்தான், ஆனா பாத்தா. நல்ல கருப்புக் கண்ணு, ஓரத்துல லேசாப் பழுப்பு. அது வரைக்கும் அதை நான் நேரா நின்னு பாத்ததே இல்ல. ஒரு துண்டை எடுத்து அவ வாயில வச்சேன். கொல்லைப்பக்கம் போய் நின்னு அழுதேன். சொல்றதுக்கு என்ன, அழுதேன்.

அதுக்கப்புறம் பிடிச்சுக்கிட்டா. பாக்கணும், கையை நீட்டணும், துண்டு வரும். பொங்கலுக்கெல்லாம் ஒரு வேளைக்கு இருபது தடவை, முப்பது தடவை பாத்தா. மாசி மாசம் வரும்போது நான் நாடியைப் புடிக்கவே வேண்டாம். வண்டிச் சத்தம் கேட்டதும் அவளாவே ஸ்டூல்ல ஏறி உக்காந்து, கையை நீட்டி வச்சுக்கிட்டுத் தயாரா இருப்பா. எவ்வளவு ஒழுங்கு பாருங்க. "அப்பா வண்டி"ன்னு சொல்றதுதான் நின்னு போச்சாம். கோமதிதான் சொன்னா. நான் கவனிக்கல. அது வேற விசயம், ஒண்ணு வரும்போது ஒண்ணு போகத்தான் செய்யும்.

பங்குனித் திருவிழா வந்துச்சு. பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நெறையப் பூ வச்சு, மூணு பேருமாக் கோயிலுக்குப் போனோம். கோமதி அர்ச்சனைத் தட்டோட வரிசையில நின்னா. நான் வெளியில செருப்பு விடுற எடத்துகிட்ட பிள்ளையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வந்து கண்ணாடிப் பவரைப் பத்திக் கேட்டாரு. ரெண்டு வார்த்தை பேசிட்டுத் திரும்பறேன், பிள்ளை கையில இல்ல.

நாலடி தள்ளி ஒரு அம்மா முன்னால நிக்கிறா. தலையை அண்ணாந்து அந்தம்மா கண்ணை நேராப் பாக்குறா. பாத்துட்டுக் கையை நீட்டுறா.

அந்தம்மா ஒரு மாதிரி ஆகிப்போய், முந்தி முடிச்சை அவிழ்த்து ரெண்டு ரூவாக் காசை எடுத்துக் கையில வச்சாங்க. செண்பா காசைப் பாத்தா, கீழ போட்டா. அடுத்த ஆளுகிட்டப் போனா. அங்கயும் கண்ணைப் பாத்தா, கையை நீட்டுனா. அந்த ஆளு "போ, போ"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. இவ விடல, சுத்திப் போய் அந்தப் பக்கம் நின்னு பாத்தா. அவருக்கே கூச்சமாப் போச்சு, பையில கையை விட்டாரு.

நான் ஓடிப்போய்த் தூக்கியிருக்கணும். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. தூக்கல. ஏன்னு சொல்லவா? அவ பாத்தா சார். யாரோ எவரோ, முன்ன பின்ன தெரியாத ஆளுக, எட்டுப் பேரு. எட்டுப் பேரு கண்ணையும் நேரா நிமிந்து பாத்தா. ஒரு டாக்டரும் இது நடக்கும்னு சொல்லல. எனக்கு அந்தக் கூட்டமே கண்ணுல தெரியல. நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், சிரிச்சுக்கிட்டுக்கூட இருந்திருப்பேன்.

அப்பத்தான் கோமதி தட்டோட வெளிய வந்தா. காலடியில காசு கெடக்கு, பட்டுப்பாவாடையோட பிள்ளை கையேந்தி நிக்குது, அப்பன் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். கூட்டத்துல யாரோ, "நல்லா உடுத்தி விட்டுல்ல அனுப்பியிருக்காங்க"ன்னு சொன்னாங்க. அது அவ காதுல விழுந்திருச்சு. தட்டை அப்படியே படியில வச்சுட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்தா. வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்திட்டுச் சொன்னா, "எம்பிள்ளையப் பிச்சை எடுக்கப் பழக்கிட்டியளே"ன்னு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தாளா இல்லையா, அதைச் சொல்லு"ன்னேன். வேற என்ன சொல்றதுன்னு எனக்கு அப்பத் தெரியல. இப்பவும் தெரியல. மறுநாள் காலையில அவ தம்பி சுடலைமுத்து காரோட வந்து நின்னான்.

இந்தாங்க சார், மாட்டிப் பாருங்க. சரியா உக்காந்திருக்கா? காதுக்குப் பின்னால அழுத்துதா? இனிமே இறங்காது.

இதுல இன்னொரு அவமானம் கேளுங்க. அங்க போன ரெண்டாவது மாசம், போய்ப் பாக்கேன், கோமதி கண்ணாடி போட்டிருக்கா. ரெண்டு வருசமா அவளுக்குத் தலைவலியாம். அரிசி பொறுக்கும்போது கல்லு தெரியலையாம். தம்பிதான் கவனிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கான், வள்ளியூர்ல யாரோ ஒருத்தன் கடைக்கு. கண்ணாடிக் கடைக்காரன் பொண்டாட்டி வேற கடையில கண்ணாடி வாங்குறதாவது. நாலு பேருக்குத் தெரிஞ்சா என் கடைக்கு எவன் வருவான்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதான்னு கேட்டேன். "சொன்னேன்"ன்னா. எப்பச் சொன்னான்னு எனக்கு ஞாபகம் இல்ல. அளவும் தப்பா எடுத்திருக்கான், மூக்குல கோணலா நிக்குது. குடு சரி பண்றேன்னேன். வேண்டாம்னுட்டா.

அங்க பிள்ளை எப்படி இருக்குன்னு கேக்குறீங்களா? நல்லாத்தான் இருக்கு. அங்க உள்ள டீச்சர் வேற மாதிரியாம். கண்ணைப் பாக்கவே சொல்ல வேண்டாம், சில பிள்ளைக பாக்காம இருந்தாத்தான் நல்லாக் கேக்கும்னு சொன்னாங்களாம். ஸ்டூலெல்லாம் கிடையாது. சுடலைமுத்து பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், இவ போய் அவன் முதுகுல சாஞ்சு உக்காந்திருப்பா. ஒரு நாள் நான் வாசல்ல செருப்பைக் கழட்டும்போது, தண்ணிக் குழாயைப் பாத்துக்கிட்டே "மாமா சைக்கிள்"னு சொன்னா. ஒரு நிமிசம் கழிச்சு அவன் சைக்கிள்ல வந்து எறங்குறான். வயிறு எரிஞ்சிச்சு சார். மச்சினன்னு பாக்காம எனக்கு வயிறு எரிஞ்சிச்சு.

ஆனா ஒண்ணு. அந்த வீட்டுல யாரு கண்ணையும் அவ பாக்குறதில்ல. பெத்த தாய் கண்ணையும் பாக்குறதில்ல. என் கண்ணை மட்டும்தான் பாக்குறா. நான் உள்ள நுழைஞ்சதும் எங்க இருந்தாலும் ஓடி வருவா. ஒரு கை தூரத்துல நிப்பா. நேராப் பாப்பா, கையை நீட்டுவா. ஒரு துண்டு குடுப்பேன். தின்னுட்டு மறுபடி பாப்பா, இன்னொரு துண்டு. ஏழெட்டுத் துண்டு ஆனதும் போயிருவா. அதுக்கப்புறம் மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்புற வரைக்கும் நான் இருக்கிற பக்கம் வர மாட்டா. நான் திண்டு தலகாணி மாதிரி ஒரு ஓரமா உக்காந்திருப்பேன். சாப்பாடு நல்லா இருக்குன்னு எலையைப் பாத்துச் சொல்லுவேன். கோமதி ரசம் ஊத்திட்டுப் போயிருவா.

போன வாரம் வேணும்னே மிட்டாய் வாங்காமப் போனேன். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. அவ பாக்குறது என்னையா, இல்ல டப்பாவையா. ஆறு நாள் அதே யோசனை. கடையில ஒருத்தருக்கு லென்ஸை மாத்தி மாட்டிட்டேன்.

போனேன். ஓடி வந்தா. நின்னா, பாத்தா, கையை நீட்டுனா. நான் குடுக்கல. "அப்பா வந்திருக்கேன்ல செண்பா"ன்னேன். பாத்துக்கிட்டே இருந்தா. இமைகூட அசையல. நான் நாலு வருசமாக் கேட்டது அதைத்தான் சார், தீக்குச்சி நேரமில்ல, ஒரு நிமிசத்துக்கு மேல இருக்கும். ஒரு பிள்ளை அப்பனை அப்படிப் பாத்து நான் கண்டதில்ல. நான் அந்தக் கண்ணுல என்னையத் தேடுனேன். எங்கயும் இல்ல. மிட்டாய் ஏன் இன்னும் வரலைன்னு ஒரு கேள்வி மட்டும்தான் இருந்துச்சு. அதுல கோவம்கூட இல்ல.

நான்தான் மொதல்ல கண்ணை எடுத்துட்டேன். தரையைப் பாத்தேன்.

அவ கையை எறக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. மூணு மணி வரைக்கும் வரல. நான் கிளம்பும்போது கோமதி வாசல் வரைக்கும் வந்தா. அஞ்சு மாசத்துல முதல் தடவை. "அடுத்த வாரமும் வெறுங்கையோட வாங்க"ன்னா. "கொஞ்ச நாளைக்கு உங்க பக்கம் வர மாட்டா. பொறவு ஒரு நாளைக்கு அவளா வருவா. அது வரைக்கும் சும்மா வந்து உக்காந்துட்டுப் போவியளா?"ன்னு கேட்டா. எத்தனை நாளாகும்னேன். தெரியாதுன்னா. அவ வருவாள்னு உனக்கு எப்படித் தெரியும்னேன். அவ முகம் சாந்தமா இருந்துச்சு. நான் சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

வாரம் பூரா வீட்டுல நான் ஒருத்தன்தான் சார். கடையில முப்பது பேரு கண்ணைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, ஆக்குன சோத்தைத் தின்னுட்டு ஸ்டூலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அதைத் தூக்கி வெளிய போடவும் மனசு வரல. ஞாயித்துக்கிழமை அவ ஓடி வர்றது ஒண்ணுதான். யாருக்காக ஓடி வந்தா என்ன, ஓடி வாறாள்ல. அதுவும் இல்லாம, ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, அந்த வீட்டுல போய் ஓரமா உக்காந்துட்டு வர முடியுமா என்னால?

இன்னைக்குக் காலையில சரியாத்தான் கிளம்புனேன். பஸ் ஸ்டாண்டுல மிட்டாய்க் கடையைத் திரும்பிப் பாக்காமத் தாண்டி வந்து, வண்டியில ஏறி உக்காந்துட்டேன். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டாரு. அப்பப் போய் எறங்கி ஓடினேன். இந்தா பாருங்க, பையில அரைக் கிலோ.

நாங்குநேரி போயிருச்சா? போயிருச்சு. வள்ளியூர் அடுத்ததுதான். பைபாஸ்லதான் எறக்கிவிடுவான், உள்ள போக மாட்டான். இப்பவே எந்திரிச்சு வாசல்கிட்டப் போய் நின்னாத்தான் உண்டு.

ஒரு உதவி செய்யுங்க சார். இந்தப் பொட்டலத்தை நீங்க வச்சுக்கோங்க. வீட்டுல பிள்ளைக இருக்கும்ல, பேரன் பேத்திக இருக்கும். நல்ல மிட்டாய், இன்னைக்குப் போட்டது. மடியிலயே இருக்கட்டும், கீழ வச்சா நசுங்கிரும். நான் வெறுங்கையோட எறங்கிக்கிடுறேன். கோமதிகிட்டத் தலையாட்டிட்டு வந்திருக்கேன்ல. பொறுத்துப் பாப்போம். நீங்க இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வந்ததே பெருசு. நியாயம் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

வாறேன் சார். கண்ணாடி இறங்குச்சுன்னா கோவில்பட்டிப் பக்கம் வாங்க. கண்டக்டர், வள்ளியூர் எறங்கணும்.

சார். அதைக் குடுங்க. அந்தப் பொட்டலத்தைத்தான். குடுங்க சார், வண்டியை எடுக்கப் போறான்.